சிறுமலைச் சரிவில் ஒரு எஸ்டேட் விலைக்கு வருகிறது: தேவாங்குக்காக நாம் சேர்ந்து வாங்கலாமா?

வைகைக்கரையான் (மதுரை)

எல்லோருக்கும் வணக்கம். சிறுமலையின் தெற்குச் சரிவில், வாடிப்பட்டியைப் பார்த்த பக்கம், 14 ஏக்கர் சொச்சம் பட்டா நிலம் விலைக்கு வருகிறது. பழைய காபித் தோட்டம், கொஞ்சம் எலுமிச்சை, நிறையப் பலா. வைத்திருந்த பெரியவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், விற்றுவிட முடிவு செய்துவிட்டார்கள். ரிசார்ட் கட்டுவதற்கு இடம் தேடும் தரகர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். சர்வே எண்ணையும் விலையையும் இங்கே போடவில்லை. ஆர்வம் உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்.

இந்த இடம் ஏன் முக்கியம் என்றால், தோட்டத்துக்கு மேலேயும் காப்புக்காடு, கீழேயும் காப்புக்காடு. நடுவில் இந்த ஒரு துண்டுதான் பட்டா. பராமரிப்பு இல்லாமல் கிடந்ததால் மரமெல்லாம் உயர்ந்து, கிளையோடு கிளை கோத்து நிற்கிறது. பெரியவரின் மகன் அனுமதியோடு ராத்திரி உள்ளே போய்ப் பார்த்தோம். தலை விளக்கில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தோம். ஒரு பலா மரத்தில் இரண்டு கண்கள் தணல் மாதிரி மின்னின. தேவாங்கு. கிளை நுனிவரை மெதுவாக வந்தது. பின்னங்கால்களால் கிளையைக் கவ்விக்கொண்டு உடம்பை முழுக்க நீட்டி, அடுத்த மரத்தைக் கையால் துழாவியது. ஒரு முழம் எட்டவில்லை. திரும்பிப் போய் வேறு கிளை வழியாக வந்து அந்த மரத்தைப் பிடித்தது. நடுவில் இருக்கிற பத்து மரத்தை வெட்டி ஜீப் ரோடு போட்டால் என்ன ஆகும் என்று அங்கேயே புரிந்துவிட்டது.

நாங்கள் ஏழெட்டுப் பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இதை வாங்கி, அப்படியே விட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். சட்டம், பணம், மலை, மூன்றும் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

---

பழைய கணக்கர் (உசிலம்பட்டி)

தம்பி, எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதற்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: மலை நிலத்தில் தரையில் நடந்து பார்ப்பது ஒன்றாகவும் பதிவேட்டில் இருப்பது வேறாகவும் இருக்கும்.

முதலில் அ-பதிவேடு, அதாவது கிராமத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டுகிற வருவாய்த்துறைக் கணக்கு. பட்டா நிலம் என்று அவர்கள் காட்டுகிற 14 ஏக்கரில் எத்தனை ஏக்கர் உண்மையில் பட்டா, எவ்வளவு அரசுக்குச் சொந்தமான தீர்வை ஏற்படாத தரிசு, எவ்வளவு ஓடைப் புறம்போக்கு என்று அதில்தான் தெரியும். பெரியவர் அனுபவித்து வந்ததால் எல்லாமே தங்களுடையது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கலாம். அப்புறம் புல வரைபடத்தை வைத்துக் கல்லுக்குக் கல் அளக்க வேண்டும். காப்புக்காட்டு எல்லைக் கல்லும் சர்வே கல்லும் ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தாத இடத்தில்தான் பின்னால் வழக்கு வரும். வில்லங்கச் சான்றை எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவுக்குப் போடுங்கள். தாய்ப்பத்திரத்தை மூலமாகவே பார்க்க வேண்டும், நகல் போதாது. வாரிசுச் சான்றிதழில் இருக்கிற அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கல்யாணமாகிப் போன பெண் பிள்ளைகளை விட்டுவிட்டு எழுதிய பத்திரங்கள் எத்தனை நீதிமன்றத்தில் கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று, மிக முக்கியம். நிலம் பஞ்சமி நிலமா, கைமாற்றக் கட்டுப்பாடு போட்டு அரசு கொடுத்த நிபந்தனைப் பட்டாவா என்று கேளுங்கள். பஞ்சமி நிலம் என்பது 1892-இலிருந்து பட்டியல் சமூகத்து மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம். யார் கையில் எத்தனை முறை மாறியிருந்தாலும் நீங்கள் வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. காட்டைக் காப்பாற்றுகிறேன் என்று அவர்கள் உரிமையில் கை வைத்துவிடக் கூடாது.

மலை நிலம் என்பதால் 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் இந்த இடம் அறிவிக்கை ஆகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆகியிருந்தால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. மீறி எழுதிய பத்திரம் செல்லாது. மரம் வெட்டவும் அனுமதி வேண்டும். இது உங்களுக்கும் பொருந்தும், ரிசார்ட்காரருக்கும் பொருந்தும்.

---

குதிரைப்பாதை (சிறுமலை)

மலையில் பிறந்து மலையிலேயே இருப்பவன். நீங்கள் சொல்கிற தோட்டம் எது என்று எனக்குத் தெரியும், பேர் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தை யாரும் கேட்கவில்லை. அந்தத் தோட்டத்துக்குள் ஒரு பாதை போகிறது. எங்கள் ஊர்க் குதிரைகள் பலாவும் வாழைத்தாரும் காபி மூட்டையும் சுமந்துகொண்டு இறங்குகிற பாதை. திண்டுக்கல் பக்கம் 18 கொண்டை ஊசி வளைவோடு தார் ரோடு வந்த பிறகும், உள்ளே இருக்கிற தோட்டங்களுக்குக் குதிரைதான் கதி. பெரியவர் ஒரு நாளும் வழியை மறித்ததில்லை. அவர் கிணற்றில்தான் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவோம். பளியர் பழங்குடிக் குடும்பங்கள் தேனுக்கும் கிழங்குக்கும் அந்த வழியாகத்தான் மேலே போகிறார்கள்.

நீங்கள் வாங்கி வேலி போட்டு, காவலாளியை நிறுத்தி, உள்ளே வராதே என்றால், எங்களுக்கு ரிசார்ட்காரனும் நீங்களும் ஒன்றுதான். சொல்லப்போனால் ரிசார்ட்காரனாவது நாலு பேருக்கு வேலை தருவான் என்று ஊரில் பேசுவார்கள். மதுரைக்காரர்கள் தேவாங்கைப் பார்த்து ஆசைப்பட்டு மலையை வாங்குகிறார்கள், மலையில் இருக்கிற மனுசனைப் பார்க்கவில்லை என்ற பேச்சு ஒரு தடவை கிளம்பினால் பிறகு அதை அடக்க முடியாது. கோபத்தில் சொல்லவில்லை. நல்லபடியாக நடக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

---

மலைமுகடு (திண்டுக்கல்)

குதிரைப்பாதை அண்ணன் சொன்னதை வெளிநாட்டிலும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். அமெரிக்கத் தொழிலதிபர் டக்ளஸ் டாம்ப்கின்ஸ் 1990-களில் சிலி நாட்டில் மலையும் காடுமாக வாங்கத் தொடங்கினார். அவர் வாங்கிய நிலம் அர்ஜென்டினா எல்லையிலிருந்து கடல்வரை நீண்டது. நாட்டையே இரண்டாகப் பிளக்கப் பார்க்கிறார் என்றார்கள். வருசக்கணக்கில் சந்தேகம். அவர் 2015-இல் இறந்த பிறகு மனைவி கிறிஸ்டின் அந்த நிலங்களை, சுமார் 10 லட்சம் ஏக்கரை, தேசியப் பூங்காக்களுக்காக அந்நாட்டு அரசிடமே ஒப்படைத்தார். கடைசியில் பெரிய நன்மைதான். ஆனால் முதல் நாளிலிருந்தே ஊரோடு உட்கார்ந்து பேசியிருந்தால் இவ்வளவு மனக்கசப்பு வந்திருக்காது என்பது என் எண்ணம்.

நமக்குப் பொருந்துகிற உதாரணம் ஈக்வடாரில் இருக்கிறது. அந்நாட்டின் தெற்கே தபிச்சலாக்கா என்ற மலைக்காட்டில் 1997-இல் ஒரு புதுப் பறவையைக் கண்டுபிடித்தார்கள். ஹோகோடோகோ என்று பேர், தரையில் ஓடியாடி மண்புழு தின்னும். அறிவியல் உலகத்துக்கே அதுவரை தெரியாத பறவை. அது வாழ்கிற இடமோ மிகச் சின்னது. மரம் வெட்டுவதும் மேய்ச்சலும் நெருங்கிக்கொண்டிருந்தன. அரசு அறிவிக்கும்வரை காத்திருக்காமல் 1998-லேயே ஓர் அறக்கட்டளை தொடங்கி அந்த மலையை விலைக்கு வாங்கினார்கள். இன்றைக்கு அந்த அறக்கட்டளை ஈக்வடார் முழுக்கப் பல காப்பகங்களை வைத்திருக்கிறது.

இந்தியாவிலும் நடந்திருக்கிறது. குடகில் அனில் மல்ஹோத்ரா, பமேலா தம்பதி 1991-இல் 55 ஏக்கரில் தொடங்கினார்கள். விவசாயம் நின்றுபோன தோட்டங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து, சுமார் 300 ஏக்கர் காடாக விட்டார்கள். கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலைக்கும் கொள்ளேகால் காட்டுக்கும் நடுவில் யானை கடக்கிற எடயரஹள்ளி–தொட்டசம்பிகே வழித்தடத்தில் இந்திய வனவுயிர் அறக்கட்டளை வாங்கிய நிலம் சுமார் 25 ஏக்கர்தான். வாங்கி மாநில வனத்துறையிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த 25 ஏக்கர் இரண்டு காட்டைச் சேர்க்கிறது. உங்கள் 14 ஏக்கரை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

---

நரசிங்கம்பட்டியாள் (மேலூர்)

எனக்கு இந்த யோசனையில் பாதிதான் உடன்பாடு. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு மலை, பாறைச் சுனைகள், லகடு வல்லூறு என்ற வேட்டைப் பறவை, குடைவரைக் கோயில், பழந்தமிழ் எழுத்தான தமிழியில் கல்வெட்டு. 2022 நவம்பரில் 193.42 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே வருடம். 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டாகிவிட்டது. எங்கள் வீட்டு வயல் முழுக்கப் பட்டா. பத்திரம், கிஸ்தி ரசீது எல்லாம் பீரோவில் பத்திரமாக இருந்தது. அது எங்களைக் காப்பாற்றவில்லை. கனிமம் என்று வந்துவிட்டால் பட்டா நிலத்தையும் எடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

காப்பாற்றியது என்ன? ஊர் ஊராகக் கிராம சபைத் தீர்மானம். 2024 டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம்வரை நடந்தோமே, கைப்பிள்ளையோடு வந்த பெண்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து. அந்த மலையில் யார் பேரிலும் பத்திரம் இல்லை. எல்லோரும் எங்கள் மலை என்றார்கள்.

அதனால் சொல்கிறேன், பணம் கொடுத்து வாங்கினால் மலை நம்முடையதாகிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். ஊர் கூட நிற்காவிட்டால் 14 ஏக்கர் பத்திரம் ஒரு நெருக்கடி நாளில் தாங்காது.

---

வைகைக்கரையான்

அக்கா, அந்த நடைபயணத்தில் நானும் இருந்தேன். நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் அரிட்டாபட்டிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வயலுக்கும் தண்ணீருக்கும் ஆபத்து நேராகத் தெரிந்தது. இங்கே வருகிற ஆபத்து ஒரு குடும்பம் ஒரு ரிசார்ட்டுக்கு எழுதிக்கொடுக்கிற ஒரு பத்திரம். அதற்கு யாரும் ஊர்வலம் போக மாட்டார்கள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஒரே நாளில் முடிந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் வாங்குவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

குதிரைப்பாதை அண்ணே, வழி மறிக்க மாட்டோம். அதைப் பேச்சாகச் சொன்னால் போதாது என்பதும் புரிகிறது. பத்திரத்திலேயே பாதை உரிமையையும் கிணற்றுத் தண்ணீர் உரிமையையும் எழுதிவிடலாமா என்று பழைய கணக்கர் ஐயா சொல்ல வேண்டும்.

---

பழைய கணக்கர்

தாராளமாக எழுதலாம். பாதையின் நீள அகலம், எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்வரை என்று வரைபடத்தோடு சேர்த்து எழுதிப் பதிவு செய்தால், நாளைக்கு உங்களுக்குப் பின்னால் வருகிறவரையும் அது கட்டுப்படுத்தும். ஊர்க்காரர்களை வைத்துக்கொண்டே பாதையை அளந்துவிடுங்கள்.

---

இரவுலாவி (அய்யலூர்)

தேவாங்குக் கணக்கெடுப்பில் ராத்திரி நடக்கிற வேலை எனக்கு. வைகைக்கரையான் பார்த்ததைப் படித்ததும் மனம் துள்ளியது. அந்த ஒரு முழ இடைவெளிதான் மொத்த விஷயமும்.

நம் பக்கத்துச் சாம்பல் தேவாங்கு கால் கிலோ சுமாருக்கு இருக்கிற பிராணி. எறும்பு, வண்டு, வெட்டுக்கிளிதான் முக்கியச் சாப்பாடு. தாவிக் குதிக்கத் தெரியாது. கிளை கிளையாகப் பிடித்துத்தான் போகும். தரையில் இறங்கினால் நாய், ரோட்டில் இறங்கினால் வண்டி. கிளைக்குப் பதிலாக மின்கம்பியைப் பிடித்துச் செத்ததும் உண்டு. மூடநம்பிக்கையாலும் மாந்திரீகத்துக்காகவும் பிடித்துக் கொன்ற காலம் ஒன்று இருந்தது. எங்கள் அய்யலூர்ப் பக்கம் அது வெகுவாகக் குறைந்தது ஊர் மக்களால்தான். 2022-இல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். இந்தியாவில் தேவாங்குக்கென்று முதல் சரணாலயம். ஆனால் சரணாலயத்துக்கு வெளியே, இந்த மாதிரித் தோட்ட ஓரங்களிலும் தேவாங்கு இருக்கிறது. அதைக் கவனிக்க ஆளில்லை.

14 ஏக்கரில் எண்ணினால் சில தேவாங்குகள்தான் தேறும். அந்த எண்ணிக்கைக்காக வாங்க வேண்டாம். மேல்காட்டையும் கீழ்க்காட்டையும் கோக்கிற கிளைப்பாதைக்காக வாங்குங்கள். முழுத் தோட்டத்துக்கும் பணம் தேறாவிட்டால், ஓடை ஓரமாக மேலிருந்து கீழ்வரை போகிற பட்டையை மட்டுமாவது வாங்கப் பாருங்கள். எந்தப் பட்டை என்று நான் வந்து காட்டுகிறேன்.

வாங்கிய பிறகு செய்யக் கூடாதது ஒன்று உண்டு. உண்ணிச்செடி மண்டிக்கிடக்கிறது என்று ஆளை வைத்து ஒரே மூச்சில் சுத்தம் செய்துவிடாதீர்கள். அது அன்னியச் செடிதான், ஒழிய வேண்டியதுதான். ஆனால் மரம் இல்லாத இடத்தில் தேவாங்கு அந்தப் புதர் வழியாகத்தான் கடக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். எடுத்த இடத்தில் உசிலை, அத்தி, ஆல் என்று நம் மரங்களை வைத்து, அவை ஆள் உயரம் தாண்டிய பிறகு அடுத்த பகுதிக்குப் போங்கள். காபிக்கு நிழலாக வைக்கிற சில்வர் ஓக் மரத்தையும் உடனே வெட்ட வேண்டாம். ராத்திரி வெளிச்சம் வேண்டாம், நாய் வேண்டாம். பாறைப் பக்கம் மஞ்சள் தொண்டைச் சின்னான் இருக்கிறதா என்றும் காலையில் காது கொடுத்துக் கேளுங்கள். தீபகற்ப இந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை அது.

---

வரவு செலவு (மதுரை, அண்ணாநகர்)

எல்லோரும் வாங்குவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் தணிக்கை வேலை பார்ப்பவள், வாங்கிய மறுநாளைப் பற்றிப் பேசுகிறேன்.

ஏழெட்டுப் பேர் கூட்டுப் பெயரில் வாங்க வேண்டாம். ஒருவர் காலமானால் அவர் பங்கு வாரிசுக்குப் போகும். வாரிசுக்குத் தேவாங்கு மேல் அக்கறை இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. இப்போது விற்கிற குடும்பத்தின் கதையே உங்களுக்கும் வரும். பொது அறக்கட்டளையாகப் பதிவு செய்யுங்கள். நோக்கம் என்ற இடத்தில் வாழிடப் பாதுகாப்பு என்று தெளிவாக எழுதுங்கள். அறக்கட்டளை கலைந்தால் நிலம் யாருக்குப் போக வேண்டும் என்பதையும் இப்போதே எழுதுங்கள். நில உச்சவரம்புச் சட்டம் உங்கள் விஷயத்தில் எப்படிப் பொருந்தும், மலைக் கிராமங்களில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துகிற மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் அந்தக் கிராமம் வருகிறதா என்று நிலச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். அறக்கட்டளைக்கும் நன்கொடை தருகிறவர்களுக்கும் வருமான வரிச் சலுகை கிடைக்க வருமான வரித்துறையில் தனியாகப் பதிவு வேண்டும்.

செலவு என்றால் நிலத்தின் விலை மட்டும் இல்லை. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அளவைச் செலவு, வக்கீல் செலவு. அப்புறம் வருசா வருசம் ஒரு காவலர் சம்பளம், கோடைக்கு முன்னால் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிற கூலி, நாற்று. இந்த மூன்றுக்கும் வைப்புநிதி ஒன்று போட்டு அதன் வட்டியில் நடத்த வேண்டும். திரட்டுகிற பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது அதற்கு ஒதுக்காமல் கிரயம் பேச வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. ஆரம்ப உற்சாகத்தில் வாங்கிவிட்டு, நாலாவது வருசம் காவலர் சம்பளத்துக்கு வாட்ஸ்அப் குழுவில் கெஞ்சுகிற நிலைமை வரக் கூடாது.

---

மலைமுகடு

கடைசியில் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடலாம் என்பதும் ஒரு வழி. வயநாட்டில் திருநெல்லி யானை வழித்தடத்தில் அப்படித்தான் செய்தார்கள். அங்கிருந்த குடும்பங்களைச் சம்மதத்தோடு வேறு இடத்தில் குடியமர்த்திவிட்டு, நிலத்தைக் கேரள வனத்துறைக்குக் கொடுத்தார்கள். சம்பளப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

---

குதிரைப்பாதை

வனத்துறையிடம் கொடுத்தால் எங்கள் பாதை என்ன ஆகும்? காப்புக்காடு என்று ஆகிவிட்டால் குதிரையை உள்ளே விட மாட்டார்கள். அதை இப்போதே முடிவு செய்யாதீர்கள். அறக்கட்டளையில் எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேர், பளியர் குடியிருப்பிலிருந்து ஒருவர் அறங்காவலராக இருக்கட்டும். அவர்களைக் கேட்காமல் கைமாற்றக் கூடாது என்று எழுதுங்கள். காவலர் வேலையை எங்கள் ஊர்ப் பையனுக்கே கொடுங்கள். தீப்பிடித்தால் மதுரையிலிருந்து நீங்கள் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஓடி அணைக்கப் போவது நாங்கள்தான்.

இதெல்லாம் நடந்தால் ஊர்க்கூட்டத்தில் உங்களுக்காகப் பேச நான் தயார்.

---

நரசிங்கம்பட்டியாள்

இப்போது எனக்கு முழு உடன்பாடு. குதிரைப்பாதை தம்பி கேட்டதுதான் நானும் கேட்க நினைத்தது. என் பங்கு ஒன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கீழே சாத்தையாறு அணையை நம்பியிருக்கிற பாலமேட்டுப் பக்கத்து விவசாயிகளிடமும் பேசுங்கள். அவர்களுக்கு வருகிற தண்ணீர் இந்தச் சரிவில்தான் பிறக்கிறது. தேவாங்குக்காக வராதவர்கள் தண்ணீருக்காக வருவார்கள். அதில் தப்பில்லை.

---

வைகைக்கரையான்

எல்லோருக்கும் நன்றி. இதுவரை பேசியதில் எங்கள் குழு ஒப்புக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். கூட்டுப் பெயரில் வாங்கப் போவதில்லை, அறக்கட்டளைதான். அறங்காவலர்களில் மலையிலிருந்து மூன்று பேர். பாதையும் கிணறும் பத்திரத்தில் வரும். மூன்றில் ஒரு பங்கு வைப்புநிதி. பணம் குறைந்தால் ஓடைப் பட்டை மட்டும். ஒப்படைப்பு பற்றிய பேச்சு இப்போதைக்கு இல்லை.

பெரியவரின் மகனிடம் பேசினேன். ஆவணங்களைப் பார்க்க அவகாசம் தருகிறார், அதுவரை தரகர்களுக்கு முடிவு சொல்ல மாட்டேன் என்றார். அப்பா வைத்த பலா மரங்கள் நிற்கும் என்றால் விலையிலும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதாகச் சொன்னார்.

அ-பதிவேட்டு நகலுக்கும் வில்லங்கச் சான்றுக்கும் விண்ணப்பித்தாகிவிட்டது. பழைய கணக்கர் ஐயா, நகல் வந்ததும் உங்களுக்கு அனுப்புகிறேன். இரவுலாவி, அமாவாசையை ஒட்டி ஒரு நாள் சொல்லுங்கள், ஓடைப் பட்டையைக் குறித்துவிடலாம். குதிரைப்பாதை அண்ணே, ஊர்க்கூட்டம் என்றைக்கு?

---

குதிரைப்பாதை

அடுத்த ஞாயிறு சந்தை முடிந்த பிறகு, கோயில் முன்னால். பளியர் குடியிருப்புக்கு நான் சொல்லிவிடுகிறேன். புல வரைபடத்தைக் கையோடு கொண்டுவாருங்கள். பெரியவர்கள் கல் இருக்கிற இடத்தைக் காட்டுவார்கள்.